தேதி பிறகு

கையில் ரோஜா மாலையோடு வந்து நின்ற இளைஞனுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஞானாபரணமேதான். இளைஞன் ஒரு படி கீழே இறங்கினான். பிறகு இன்னொரு படி இறங்கினான். மாலையின் ஒரு முனை கையிலிருந்து நழுவி முற்றத்துச் சிமெண்டைத் தொட்டது.

"ஸார்…" என்றான்.

அடுக்களை வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற அஜிதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்பாவைத் தேடி ஆட்கள் வருவது அந்த வீட்டில் புதிதல்ல. நேமத்தில் இந்தச் சந்துக்குள் வழி கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் 'இடைவேளை' ஸார் வீடு எது என்றுதான் கேட்பார்கள். ஆனால் காலை ஏழரை மணிக்கு யாரும் மாலையோடு வந்ததில்லை.

"வெங்கிடேஷ்தானே நீரு? வலியசாலை?" என்றார் ஞானாபரணம். "வாசகர் கடிதத்துல போட்டோ போட்டோமே. உள்ளே வாரும். மாலை எனக்கா?"

வெங்கிடேஷ் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கழுத்தில் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியது. முகத்தில் ஈயாடவில்லை.

"நேத்திக்கு சாயங்காலம்தான் புக் வந்தது ஸார். ஆத்துல அம்மாதான் மொதல்ல பாத்தா. கடைசிப் பக்கத்தைப் பாருடான்னா. நேக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. போன்ல துக்கம் கேக்கறது மரியாதையில்லைன்னு, ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி நேரா வந்துட்டேன்."

பையிலிருந்து நவம்பர் இதழை எடுத்து விரித்தான். அஜிதா எட்டிப் பார்த்தாள். பக்கத்தின் நடுவில் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் அப்பா. அதன் கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரி. அதற்கும் கீழே, தேதி இருக்க வேண்டிய இடத்தில், 00.00.0000. அவள் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

'இடைவேளை' ஒரு கிறிஸ்தவ மாத இதழ். சபையில் சில பேர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம். டெலிபோன் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த ஞானாபரணம் பத்தொன்பது வருஷமாக அதை இந்த வீட்டு முன்னறையிலிருந்து நடத்தி வந்தார். கல்லூரிப் பிள்ளைகள் பிரசங்கத்தில் தூங்குகிறார்கள், தியேட்டரில் முழித்திருக்கிறார்கள், முழித்திருக்கும் இடத்தில் போய்ப் பேசினால் என்ன என்பது அவர் கட்சி. வில்லன் அழுகிற காட்சியை வைத்து மன்னிப்பைப் பற்றி எழுதுவார். செல்போன் விளையாட்டில் மூன்று உயிர் தருகிறார்களே, அதை வைத்து உயிர்த்தெழுதலைப் பற்றி எழுதுவார். அதை மறுத்து வலியசாலை அக்ரகாரத்திலிருந்து வெங்கிடேஷ் நான்கு பக்கம் எழுதினால் அதையும் போடுவார். பெயர் ஏன் இடைவேளை என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: கதை முடிந்துவிட்டது என்று பார்க்கிறவன் நினைக்கும் இடத்தில்தான் இடைவேளை போடுவார்கள்.

அந்த இதழின் கடைசிப் பக்கத்துக்கு 'கடைசி வரிசை' என்று பெயர். மறைந்துபோன ஒரு வாசகருக்கு ஒரு மாதம். வயது, அடக்கம் நடந்த நேரமும் இடமும், அவருக்குப் பிடித்த வேத வசனம், பிடித்த சினிமாப் பாட்டு. பக்கங்களை வடிவமைப்பது அஜிதா. கம்பெனி வேலை போக சனி ஞாயிறுகளில் அவளுக்கு அதுதான் வேலை. செய்தி வந்து சேரும்வரை கட்டத்தில் யாருடைய படமாவது, ஏதாவது எழுத்தாவது டம்மியாக நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி நின்ற படம் பாறசாலை விஜயம் டீச்சருடையது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த மாதம் அது. மாற்ற மறந்து அச்சாகிவிட்டது. திடமாக உயிரோடிருந்த விஜயம் டீச்சர் இதழைக் கையில் பிடித்தபடி இதே முன்னறையில் உட்கார்ந்து அழுதார்.

டீச்சரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா அன்றைக்குச் சொன்னார்: "இனிமே டம்மிக்கு என் போட்டோவை வை மக்ளே. காலியா மட்டும் விடாதே. காலியா விட்டா அந்தப் பக்கத்தையே மறந்துருவோம். தப்பு நடந்தா எனக்கு நடக்கட்டும்."

அம்மா பிரிஸில்லா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அஜிதா விளையாட்டுக்கு, 'பிடித்த பாட்டு: மகள் பாடாத எல்லாப் பாட்டும்' என்று அதில் தட்டி வைத்தாள். மாதாமாதம் அப்பா கட்டத்தில் வந்து நிற்பார், உண்மையான மரணம் வந்ததும் இறங்கிக்கொள்வார். இந்த மாதம் எந்த வாசகரும் சாகவில்லை. ஒரு கவிதை போடுவதாக இருந்தது. கம்பெனியில் தலைக்கு மேல் வேலை இருந்ததால் அஜிதா அதை மறந்தே போனாள்.

ஞானாபரணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதழைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"போட்டோ தெளிவா வந்திருக்கு" என்றார். "பிரஸ் சுனில் நல்லா அடிச்சிருக்கான்."

"அப்பா, நான்தான்…"

"வாயைக் கழுவிட்டு வா மக்ளே. அடுத்த மாசம் ஒரு வருத்தம் போட்டுரலாம். ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், வருந்துகிறோம்னு." சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். வெங்கிடேஷுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சாயா வந்தது. இருவரும் புதுப்படம் ஒன்றின் முடிவைப் பற்றி அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். கிளம்பும்போது வெங்கிடேஷ் மாலையைக் கூச்சத்தோடு பைக்குள் திணிக்கப் பார்த்தான்.

"கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டு போகப்படாது" என்றார் ஞானாபரணம். "பிரிஸில்லா, இதைக் கொஞ்சம் தண்ணியில போட்டு வை. வாடிரும்."

அம்மா மாலையை வாங்கிக் குளியலறை வாளியில் போட்டு மேலே ஈரத்துணி போர்த்தினாள். அவள் கை மெதுவாக வேலை செய்வதை அஜிதா பார்த்தாள். வெட்கத்தில் அதற்கு மேல் எதையும் பார்க்க முடியாமல் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். அன்று வீட்டிலிருந்தே வேலை.

பத்து மணிக்குமேல் போன் நிற்கவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி. தபால் ஒவ்வொரு ஊராகப் போய்ச் சேரச் சேர அழைப்பு வந்தது. அப்பா எடுத்து, "நான்தான் பேசுறேன், அழாதேயும்" என்பார். சிலர் சிரித்தார்கள். சிலர் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டார்கள். இதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் கம்பெனிக் கூட்டத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்த அஜிதாவுக்குக் கேட்டது. இன்னும் எத்தனை பேரிடம் அப்பா தான் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும்? மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. அதற்கு மட்டும் அப்பா சிரிக்கவில்லை. குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா… ஆமா… நாளைக்கு. மூணு மணிக்கு. வாங்க."

வாலிபர் கூட்டம் ஏதாவது இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்பா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். "எனக்கு நானே துக்கம் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு" என்றார். முன்னறைக் கட்டிலில் சாய்ந்தார். அம்மா பாத்திரம் கழுவினாள். போன் மறுபடி மறுபடி அதிர்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

நாலு மணி சுமாருக்கு அஜிதா எழுந்து வந்தாள். ஸ்டூலின் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்து வந்திருந்தது.

"நான் எடுக்கட்டுமாப்பா?"

அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அவள் அந்தக் கையைத் தொட்டாள். தொட்டதும் தெரிந்துவிட்டது. போன் கீழே விழுந்தது. விழுந்த பிறகும் தரையில் அதிர்ந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஸார் போயிட்டாங்கன்னு புக்ல பாத்தோம்" என்றது ஒரு பெண் குரல். "நெசமாம்மா?"

காலையிலிருந்து அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அவள் எதிரில் கிடந்தார். அஜிதா அழைப்பைத் துண்டித்தாள். பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சுதான் என்றார். தூக்கத்திலேயே போயிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார். அஜிதாவுக்கு அது ஆறுதலாக இல்லை. நான் அச்சடித்தேன், அப்பா செத்தார் என்று ஒரே வாக்கியம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்பா இந்நேரம் அடுத்த இதழுக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டிருப்பார். அவளால் அழக்கூட முடியவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வெள்ளை ஜிப்பாவும் கையுறையும் போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்த ஒரே நல்ல படம் டம்மிப் படம்தான் என்பதால் அதைத்தான் அவள் அனுப்பினாள். வந்தவர்களில் பலர் கையில் இதழ் இருந்தது. அவர்கள் ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள், பக்கத்தைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் அதே முகம். யாரோ ஒருவர், "நம்ம புக்தான் முதல்ல சொல்லிச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அம்மா வாளியிலிருந்து மாலையை எடுத்து உதறினாள். நேற்றுக் கட்டியது என்று சொல்ல முடியாதபடி வாடாமல் இருந்தது. முதல் மாலையாக அதுதான் விழுந்தது. மூலையில் நின்ற வெங்கிடேஷ் அதைப் பார்த்ததும் வெளியே போய்விட்டான்.

மார்த்தாண்டத்திலிருந்து லீலாபாய் அத்தை வந்தாள். அப்பாவுக்கு ஒரே கூடப்பிறந்தவள். தம்பியின் முகத்தைப் பார்த்து அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, இதழைக் கையில் எடுத்தாள்.

"சினிமாவையும் வேதத்தையும் ஒண்ணாக் கலக்காதலேன்னு தலைதலையா அடிச்சேன். கேட்டானா? அது போட்டும். உயிரோட இருந்தவனைக் கட்டம் கட்டி அடிச்சது யாரு? சொல்லுங்க. இதைக் கண்ணால பாத்தா எந்த நெஞ்சு தாங்கும்?"

அஜிதா எழுந்து நின்றாள். நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டால் மூச்சுவிடலாம்.

"பிரஸ்ஸுல நடந்த தப்பு மைனி" என்றாள் அம்மா. அஜிதாவின் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சுனிலை அத்தை திரும்பிப் பார்த்தாள். இதழை அச்சடிக்கும் சுனில். அந்தப் பார்வையில் அவன் நாற்காலியைக் கீழே வைத்தான். அம்மாவின் பொய் அஜிதாவைக் காப்பாற்றவில்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் செய்தது.

அடக்கம் நாலு மணிக்கு என்று பாஸ்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். இரண்டரை மணிக்கு நாகர்கோவிலிலிருந்து ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். பாடல் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்த ஒரு பெண் அஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் கெடைக்காமப் போயிரும்னு பயந்துட்டே வந்தோம்க்கா. மூணு மணிக்குத்தானே?"

"நாலு மணிக்கு."

"இல்லியேக்கா. போன்ல மூணுன்னாங்களே."

"யாரு சொன்னது?"

"ஸார் நம்பருக்குத்தான் பண்ணினோம். ஒரு பெரியவரு எடுத்தாரு. ஸாருக்க அண்ணனாக்கா? அதே சத்தம். அடக்கம் எப்போன்னு கேட்டோம். நாளைக்கு மூணு மணிக்கு வாங்கன்னாரு."

"எப்போ பண்ணினீங்க?"

"நேத்து மத்தியானம். ஒரு மணி இருக்கும்."

அப்பாவுக்கு அண்ணன் கிடையாது. அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். அஜிதா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "உள்ளே போய்ப் பாருங்க" என்றாள்.

அப்போது பாஸ்டர் முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்தார். கிழக்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதத்து இடி தொலைவில் உருண்டது.

"நாலு வரைக்கும் வைக்க வேண்டாம்" என்றார் பாஸ்டர். "குழிக்குள்ள தண்ணி நின்னுரும். மூணு மணிக்கே எடுத்துருவோம்."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். அன்று முதல் முறையாக அஜிதாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை. பயம் இருந்தது.

அஜிதா ஜன்னல் திட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன இதழை எடுத்தாள். கட்டத்தை இப்போதுதான் முழுக்க வாசித்தாள். 'அடக்க ஆராதனை மாலை 3 மணிக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் நடைபெற்றது.' இரண்டு வருஷமாக அவள் பார்த்துவரும் வரி அது. பழைய அறிவிப்பு ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது. அதில் நாலு மணி என்றுதான் இருந்தது. அவள் மாற்றவில்லை. யார் மாற்றினார்கள்?

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். பாஸ்டர் சினிமா என்ற சொல்லை எங்கும் சொல்லாமல் அப்பாவைப் புகழ்ந்து முடித்தார். நாகர்கோவில் பிள்ளைகள் கீர்த்தனை பாடினார்கள். அஜிதா தன் பங்கு மண்ணைப் போட்டாள். அது பெட்டியின் மேல் விழுந்த சத்தம் ஒரு கதவைத் தட்டியது போல இருந்தது. குழியை மூடிச் சிலுவையை நட்டுவிட்டு வீட்டுப் படி ஏறும்போது மழை கொட்டத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக நாலு.

மழை விட்டதும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தையும் கிளம்பினாள். ஐந்தரை மணிக்குச் சுனில் நனைந்த ஹெல்மெட்டோடு திரும்பி வந்தான். பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினான்.

"சேச்சி, ஞான் தப்பு செய்யல்ல. ஸார் கையெழுத்து போட்ட ப்ரூஃப் இது. இதில உள்ளதைத்தான் அடிச்சது." அவன் கவரைத் தட்டிக் காட்டினான். "எனிக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்லல்லோ. நம்பர் வெட்டி மாத்தியிருந்தது கண்டு, மாத்தி. ஸைடுல எழுதினது என்னான்னு மனசிலாகல்ல. ஸாரோட படம் கண்டப்போ எடிட்டர் பேஜ்னு நினைச்சு."

எப்போதும் அப்பா பிழை திருத்திய ப்ரூஃப் அஜிதாவிடம்தான் வரும். அவள் கம்ப்யூட்டரில் திருத்தி, பிறகு கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்புவாள். பத்தொன்பது வருஷத்தில் கடைசி ஆறு வருஷம் அப்படித்தான். இந்த மாதம் மட்டும், "எனக்கு நேரமில்லப்பா, நேரா சுனில்ட்ட குடுத்துருங்க" என்று அவளே சொன்னாள்.

"உன் மேல தப்பில்ல சுனில்" என்றாள். "அத்தைட்ட நானே சொல்றேன்."

அவன் போன பிறகு கவரைப் பிரித்தாள். கடைசித் தாளில் பச்சை மை. அப்பாவின் பேனா. 4 என்பதை அடித்து 3 என்று எழுதியிருந்தார். பாட்டு இருந்த வரிக்கு நேரே ஒரு சரி அடையாளம். பூஜ்யங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கோடு இழுத்து, ஓரத்தில் இரண்டே சொல்: தேதி பிறகு. கீழே கையெழுத்து.

அஜிதா தாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அப்பா பார்த்திருக்கிறார். நேற்றுக் காலை வெங்கிடேஷ் காட்டியபோது அல்ல, மூன்று வாரத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்த்து அதிர்ந்து சாகவில்லை. அப்பாவைத் தான் கொல்லவில்லை என்று அவள் நெஞ்சு ஒரு கணம் லேசாகியது. அடுத்த கணமே அந்த 3 கண்ணில் பட்டது.

"எங்கிட்ட காணிச்சாரு" என்றாள் அம்மா.

வாசல் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"பிரிஸில்லா இங்கே பாரு, இந்த மாசம் நான் போயிட்டேன், பிள்ளை மாத்த மறந்துட்டான்னு சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துது. என்ன திருத்தணும்னு கேட்டாரு. நாலு மணின்னா ஐப்பசியில மழை வந்துரும், மூணு போடுங்கன்னேன்." அம்மா முந்தானையைச் சுருட்டி வாயருகில் வைத்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன். தேதி என்ன போடன்னு கேட்டாரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல."

"ஏம்மா அதை அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பினாரு?"

"உனக்கு எழுதினதுடி அது. நீ பாத்தா சிரிப்பேன்னாரு. நீ நேரா அனுப்புங்கன்னு சொன்னதுல, சாயங்காலம் பிரஸ் பையன் வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டான். அவரும் மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

அப்பா தனக்காகச் செய்த கடைசி விளையாட்டு எழுநூறு வீடுகளுக்குப் போய்விட்டு இப்போது தன் மடிக்கு வந்திருக்கிறது என்று அஜிதாவுக்குப் புரிந்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். அழுது முடிக்கும்வரை நின்றாள்.

"நேத்து போன்ல மூணு மணின்னு ஏம்மா சொன்னாரு?"

"நானும் கேட்டேன்" என்றாள் அம்மா. "பாத்திரம் கழுவிட்டிருந்தேன். யாரு வாறதுன்னு கேட்டேன். பிள்ளைகன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல்ல."

இருவரும் ஸ்டூலின் மேல் கிடந்த போனைப் பார்த்தார்கள். அதில் சார்ஜ் தீர்ந்திருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அதைச் சார்ஜில் போடவில்லை.

அஜிதா எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். கிறிஸ்துமஸ் இதழ் பாதியில் நின்றது. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் அப்பா கட்டத்துக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இது இனி யாருக்கும் நடக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைத் தொட்டு அழித்தாள். கட்டம் வெற்றுச் சாம்பல் நிறத்தில் நின்றது. கீழே 00.00.0000.

"காலியா விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.

"என்னோட போட்டோவை வைக்கிறேன்."

"உன்னோடதா?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "அப்போ பக்கம் யாரு போடுவா?"

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தகர டப்பா ஒன்றின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ரேஷன் கார்டுக்காக எடுத்த சின்னப் படம் ஒன்றைக் கீபோர்டின் மேல் வைத்தாள். முந்தானையால் அதை ஒரு தரம் துடைத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அஜிதா படத்தை வெகுநேரம் பார்த்தாள். எடுத்து ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தாள். வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. திரையில் முதலில் அம்மாவின் வகிடு வந்தது, பிறகு நெற்றி, பிறகு கண்கள். அடுக்களையில் சாயாவுக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.